மிஞ்சிய வெள்ளைக்கரு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு நண்பர்களை, எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த ஒயிட் டவுனில் ஒரு கபேக்கு அழைத்துப் போயிருந்தேன். மஞ்சள்கருவும் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கிரேம் நிரப்பிய ரொட்டி அந்தக் கடையில் பேர் போனது. அதைத் தின்றுகொண்டிருந்தோம். (விலைப்பட்டியலை நான் வலது பக்கத்திலிருந்துதான் படித்தேன். அது இங்கே தேவையில்லைதான்.) பக்கத்துச் சந்தில் சமையலறைக் கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு பெண் நின்று, உள்ளிருந்து நீட்டப்பட்ட இரண்டு லிட்டர் பாட்டிலை வாங்கித் துணிப்பையில் வைத்தாள். பாட்டிலுக்குள் ஏதோ கொழகொழவென்று ஆடியது.

"அது என்னங்க?" என்று நண்பர் பரிமாறுகிறவரைக் கேட்டார்.

"வெள்ளக்கரு சார். கிரேமுக்கு மஞ்சள் மட்டும்தான் வேணும். மிஞ்சறதைக் கீழதான் கொட்டுவோம். அந்தம்மா வந்து வாங்கிட்டுப் போவாங்க."

நான் சொன்னேன்: "பிரெஞ்சுக்காரன் போயி இத்தினி வருஷமாச்சு, இன்னும் பங்கு எவ்ளோ ஒழுங்கா பிரியுது பாருங்க. மஞ்சள் நமக்கு, வெள்ளை அவங்களுக்கு."

நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். எங்கள் அலுவலகத்தில் தினமும் என் மேசைக்கு அடியில் பெருக்குகிற தையல்நாயகி.

அவள் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"விடியலின் பொன்னொளி கடலில் கரைந்துகொண்டிருந்த வேளையில், பசித்த வயிற்றோடு தையல்நாயகி தன் சின்னஞ்சிறு" —

நிறுத்திவிட்டேன். அவள் பசித்த வயிற்றோடு வந்தாளா என்பது எனக்குத் தெரியாது. கடல் அந்தச் சந்திலிருந்து தெரியாது.

அப்புறம் கட்டுரை மாதிரி ஒன்று:

"கடன் என்பது நவீன வாழ்வில் மனிதனை" —

இதையும் விட்டேன். கடனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக் கடன். தவணையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். யாரும் என் வாசலில் வந்து உட்கார்ந்ததில்லை.

சரி, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தையல்நாயகிக்கு நாற்பத்தேழு வயது. முதலியார்பேட்டையில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. கணவர் கோவிந்தசாமி பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆலை மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். மூன்று வருடத்துக்கு முன் கால் வீங்கியது, முகம் வீங்கியது. இன்ன நோய் என்று தெரிவதற்குள் தனியார் மருத்துவமனைகளில் ஏறி இறங்கியதில்தான் கடன் வந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இப்போது செவ்வாயும் வெள்ளியும் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். அது இலவசம். ஆனால் கடன் இருக்கிறது. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கிய குழுக் கடன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வசூல்.

3

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் அவள் பெருக்கிக்கொண்டே என் மேசைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். வழக்கம்போலக் கால்களைத் தூக்கி நாற்காலிச் சட்டத்தில் வைத்துக்கொண்டேன்.

"தையலம்மா, நேத்து..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த வெள்ளைக்கரு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போய்க் கதை கேட்டுக்கொண்டு வந்தவன் நான். இதை அடித்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். இருக்கட்டும்.

"அவருக்கு சார்," என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு வெள்ளக்கரு சாப்பிடணுமாம். மிசினு ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்போது சத்தையும் சேத்து எடுத்துடுதாம். மஞ்சக்கரு கூடாது. பருப்பு கூடாது. கீரை, தக்காளி, உருளக்கெழங்கு, வாழப்பழம், தேங்கா, எளநீ எதுவும் கூடாது. உப்பு கூடாது. குடிக்கற தண்ணிகூட அளந்துதான். எது மலிவா கெடைக்குதோ அதெல்லாம் கூடாது சார்."

அந்த மூன்று வருடத்தில் அவள் செலவை எப்படிச் சுருக்கினாள் என்பதை ஒரு தனி நூலாகவே எழுதலாம். பெரிய மார்க்கெட்டுக்குக் காலையில் போகமாட்டாள். மதியம், வெயிலில் காய்கறியும் வியாபாரியும் ஒன்றாகச் சோர்ந்திருக்கிற நேரத்தில் போவாள். சுரைக்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் இந்த மூன்றில் எது வாடியிருக்கிறதோ அது. காயைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வேறு தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காயில் அவருக்கு ஆகாத உப்புகள் அப்படித்தான் இறங்குமாம். அந்த வடித்த தண்ணீரை அவள் கொட்டவில்லை. மிளகாய் கிள்ளிப் போட்டு, அதைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டாள்.

முட்டையும் அப்படித்தான். வெள்ளை அவருக்கு, மஞ்சள் அவளுக்கு. ஒரு வருடம் தினமும் நாலு மஞ்சள்கரு. "நாக்கெல்லாம் மாவு மாரி ஒட்டிக்கும் சார்." பிறகு கபேயில் வெள்ளைக்கருவைக் கொட்டுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போய் நின்றாள். அங்கே சமையல் செய்கிற ராஜவேல் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அன்றோடு முட்டை வாங்குவது நின்றது.

"அவரு சாப்பாட்டுச் செலவு மிச்சமாச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது. மிச்சமானது என் சாப்பாடு."

இதைச் சொல்லும்போது சிரித்தாள். நான் அதற்குச் சிரிக்கவில்லை. அதை ஒரு பெருமையாக இங்கே எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

4

(இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. "தக்காளி ரசத்தின் மணம் அந்தச் சிறிய வீடெங்கும் பரவ, தையல்நாயகி" என்று ஆரம்பிக்கும். நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவள், "இன்னா எழுதியிருக்கீங்க, படிங்க" என்றாள். மதிய உணவு நேரத்தில், பதிவேடுகள் அடுக்கிய அறையில் அவளுக்குப் படித்துக்காட்டினேன். இந்த வரியில் நிறுத்தினாள். "எங்க வூட்ல தக்காளி வாங்கி மூணு வருஷமாச்சு சார். அவருக்கு எதிர்க்க உக்காந்து நான் எப்பிடி ரசம் துன்றது?" பத்தியை அடித்துவிட்டேன்.)

இனி வருவது வியாபாரம்.

வெள்ளைக்கருவை மெல்லிய துணியில் வடிகட்டி, மிளகுத்தூள் தூவி, இட்லித் தட்டில் ஊற்றி வேகவைப்பாள். வெள்ளை வெளேரென்று, தொட்டால் துள்ளும். டயாலிசிஸ் நாளில் அதை டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கோவிந்தசாமிக்குக் கொடுப்பாள். பக்கத்துப் படுக்கையில் கார்குழலி. இருபத்தொன்பது வயது. கணவன் சந்திரமோகன் நோணாங்குப்பம் படகுத் துறையில் தினக்கூலி.

"இன்னாக்கா அது, பாக்கவே நல்லாருக்கு?" என்று கார்குழலிதான் முதலில் கேட்டாள்.

தையல்நாயகி இரண்டு கொடுத்தாள். அடுத்த முறையும் கொடுத்தாள். மூன்றாவது வாரம் கார்குழலி பத்து ரூபாயை நீட்டினாள்.

"வாணாம் புள்ள."

"சும்மா வாங்கித் துன்ன கூச்சமா இருக்குக்கா. காசு வாங்கிக்கோ. இல்லன்னா எனக்கு வாணாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாங்கித் தின்கிறவளின் கூச்சத்திலிருந்து. அடுத்த மாதம் நாலைந்து பேர் வாங்கினார்கள். வார்டில் அதற்குத் 'தையல் இட்லி' என்றே பேர். ஜோடி பத்து ரூபாய். கடையில் இரண்டு முட்டை அதைவிட அதிகம் என்பதால், தின்கிறவர்களுக்கும் அது லாபம்தான்.

"எப்பிடிக்கா கட்டுப்படியாகுது? கடை முட்டைதானே?" என்று ஒரு நாள் கார்குழலி கேட்டாள்.

"கடை முட்டைதான்," என்றாள் தையல்நாயகி.

கபேயில் ராஜவேலும் ஒரு நாள் கேட்டார். "வூட்டுக்காரருக்குத்தானம்மா இவ்ளோவும்?"

"அவருக்குத்தான் தம்பி."

* ராஜவேலைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கடுகடுத்த முகம், இளக்காரமான பேச்சு. எதிரே நிற்பவர் மோசமாக இருந்தால் தையல்நாயகியின் பொய் சின்னதாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். உண்மையில் அவர் பாட்டிலைச் சுடுதண்ணீரில் கழுவித்தான் ஊற்றிக் கொடுப்பார். குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் சொல்வார்.

5

ஒரு செவ்வாய்க்கிழமை, குழுத் தலைவி செல்வாம்பாள் வீட்டில் வசூல். ஐந்து பேரும் கொடுத்து முடிக்கும் வரை யாரும் எழுந்து போகக்கூடாது என்பது விதி. நான்கு பேர் கொடுத்துவிட்டார்கள். தையல்நாயகியிடம் பாதிதான் இருந்தது. கோவிந்தசாமிக்கு அந்த வாரம் ஓர் ஊசி வெளியில் வாங்க வேண்டியிருந்தது.

குழுவில் குஞ்சம்மாள் மீன் விற்கிறவள். அவளுடைய கூடை வாசலில் வெயிலில் இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வசூலுக்கு வந்தவர் ஒன்றும் பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தையல்நாயகிக்கு இருந்தது.

"அடுத்த செவ்வா மொத்தமா குடுத்துடறேன். சத்தியமா," என்றாள்.

"சத்தியத்தை வச்சி நான் இன்னா பண்றது?" என்றாள் குஞ்சம்மாள். "ஐஸு உருகிப் போச்சு. என் மீனு நாறுது."

செல்வாம்பாள் உள்ளே போய், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து போட்டாள். குஞ்சம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது மீனைப் பார்த்தாள், தையல்நாயகியைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தையல்நாயகி அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போனாள்.

6

அடுத்த செவ்வாய். இதை நான் முதலில் எழுதியது இப்படி:

"கபேக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே திங்கட்கிழமை வாங்கியதைத்தான் செவ்வாய்க்கும் வைத்துக்கொள்வாள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரம் போனது. மறுநாள் விடிந்தும் வரவில்லை. சித்திரை வெயில். குளிர்பெட்டிக்குள் பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. மறுபடி மோந்தாள். இல்லாத மாதிரி இருந்தது. வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழுவுக்குக் கட்ட இன்னும் அறுபது ரூபாய் குறைந்தது. மிளகைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள். கணவருக்கு இரண்டு எடுத்து வைத்துவிட்டு, மீதியை டப்பாவில் அடுக்கினாள்."

அன்று ஐந்து பேர் வாங்கினார்கள். கார்குழலி இரண்டு ஜோடி வாங்கினாள். "இன்னிக்கு காரம் நல்லாருக்குக்கா" என்றாள். பதினோரு மணிக்குத் தையல்நாயகி செல்வாம்பாள் வீட்டுக்குப் போய் முழுப் பணத்தையும் கட்டினாள். குஞ்சம்மாள் நகர்ந்து பாயில் இடம் கொடுத்தாள். தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு நிம்மதியாக இருந்ததாம். "பொய் சொல்லக்கூடாது சார், நல்லாதான் இருந்துச்சு."

மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்குழலிக்கு அன்று மாலையே வாந்தி ஆரம்பித்தது. பிறகு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். சிறுநீரகம் இல்லாத உடம்பு எதையும் தாங்காது. ஒன்பது நாள் உள்ளே கிடந்தாள். அதில் இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஆள் தெரியாமல்.

7

நான் எழுத வேண்டிய பகுதி இதுதான். மற்றதெல்லாம் இதற்கு முன் கைகழுவுகிற மாதிரி.

டயாலிசிஸுக்கு மறுபடி வந்தபோது கார்குழலி பாதியாக இருந்தாள். சந்திரமோகன் அவளைப் படுக்கையில் விட்டுவிட்டு அங்கிருந்தவர்களிடம் முறையிட ஆரம்பித்தான். நல்லவன்தான். ஒன்பது நாள் கூலியை விட்டவன், தூங்காதவன்.

"நாக்கை அடக்க மாட்டேங்கறா சார் இவ. அத்தினி வாட்டி சொல்றாங்க, வாயைக் கட்டு, வாயைக் கட்டுன்னு. நான் வேலைக்குப் போன நேரமா பாத்து மாம்பழம் துன்னுருக்கா. கேளுங்க அவளையே."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கே எல்லோரும் பத்தியக்காரர்கள். எல்லோரும் எதையாவது திருட்டுத்தனமாகத் தின்றவர்கள். அதனால்தான் யாரும் அவளுக்காகப் பேசவில்லை என்று நினைக்கிறேன். "வாய்க்கட்டு இல்லன்னா இப்பிடித்தான்," என்றார் ஒருவர். இன்னொருவர், "எங்க வீட்லயும் இதே கதைதான்," என்றார்.

கார்குழலி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒரே ஒரு துண்டுக்கா," என்று தையல்நாயகியிடம் மட்டும் மெல்லச் சொன்னாள். "பக்கத்து வூட்ல அறுத்தாங்க. வாசனை தாங்கல. ஒரு துண்டுதான். அதுக்குப் போயி அவரு ஒம்போது நாளு கூலிய விட்டுட்டு... செத்துருக்கலாம்க்கா நானு."

மாம்பழம் டயாலிசிஸ்காரர்களுக்கு ஆகாது. அது இதயத்தை நிறுத்தும் என்று பயமுறுத்துவார்கள். ஆனால் வாந்தியும் காய்ச்சலும் அதனால் வராது. மூன்று வருடமாக மருத்துவமனைச் சுவரில் ஒட்டியதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தவள் தையல்நாயகி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் கார்குழலியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "வுடு புள்ள. இனிமே துன்னாத" என்றாள்.

* மருத்துவர்கள் காரணத்தை உறுதியாகச் சொல்லவில்லை. சாப்பாட்டிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்திருக்கலாம் என்றார்களாம்.

8

இதுவரைக்கும் எழுதியதைப் படித்துக்காட்டினேன். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பதிவேடுகளின் முதுகைப் பார்த்தபடி கேட்டாள். ஏழாவது பகுதியில் அழவில்லை. முடிந்த பிறகு, "ஆறாவதை இன்னொரு வாட்டி படிங்க" என்றாள்.

படித்தேன். 'கணவருக்கு இரண்டு எடுத்து வைத்துவிட்டு' என்ற இடத்தில் கையைத் தூக்கினாள்.

"அது இல்ல சார்."

"எது?"

"அவருக்கு அதுலேந்து நான் எடுத்து வைக்கல."

எனக்குப் புரியவில்லை. அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அன்னிக்குக் காலைல கடைக்குப் போயி ரெண்டு முட்டை வாங்கியாந்தேன். அத்த அவிச்சி அவருக்குக் குடுத்தேன். இட்லி எங்கன்னு கேட்டாரு. எல்லாம் வித்துப்போச்சுன்னேன்."

நான் தாளில் அந்த வரியைத் தேடினேன்.

"கெட்டுப்போச்சுன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா நல்லாருக்குன்னும் தெரியாது. தெரியலன்னா கொட்டியிருக்கணும். கொட்டல. அவருக்கு மட்டும் கடை முட்டை."

இதை அவள் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. கோவிந்தசாமிக்கும் தெரியாது. இந்த ஒரு தகவலால் என் கதை நன்றாகிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உடனே பேனாவை எடுத்தேன். எடுத்த கையை அவள் பார்த்தாள். என் வாழ்நாளில் அந்தக் கையை அவ்வளவு அசிங்கமாக நான் உணர்ந்ததில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

ஆறாவது பகுதியை நான் திருத்தவில்லை. அந்தத் தவறான வரி அங்கேயே இருக்கட்டும். ஒரு மனுஷியைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள நான் எவ்வளவு சுலபமாக ஒரு வரியைப் போட்டேன் என்பதற்கு அது சாட்சி.

9

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதலாவதில், கார்குழலியின் காய்ச்சலுக்குக் காரணம் அவள் தெருவில் வந்த குடிநீர் என்று தெரிய வருகிறது. அந்தத் தெருவில் இன்னும் பத்துப் பேருக்கு வாந்தி. தையல்நாயகி பெருமூச்சு விடுகிறாள். இதை எழுதி முடித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து கிழித்தேன்.

இரண்டாவதில், அவள் சொல்லவே இல்லை. வியாபாரத்தை நிறுத்திவிடுகிறாள், "கடைக்காரன் குடுக்கறதில்ல புள்ள" என்கிறாள். கபேக்கும் போவதில்லை. மறுபடி முட்டை, மறுபடி மஞ்சள்கரு, மறுபடி குழுவில் தலைகுனிவு. கார்குழலி ஒவ்வொரு செவ்வாயும், "எப்பக்கா கொண்டாருவ?" என்று கேட்கிறாள். (இது நான் கற்பனை செய்ததல்ல. அப்போது நடந்துகொண்டிருந்ததே இதுதான்.)

மூன்றாவதில், தையல்நாயகி கார்குழலியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறாள். கார்குழலி அழுகிறாள். பிறகு மன்னிக்கிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அழகாக எழுதியிருந்தேன். படித்துக்காட்டும்போது என் குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

"அத்த அடிச்சிடுங்க சார்," என்றாள் தையல்நாயகி.

"ஏன்?"

"நான் சொல்லலியே. சொன்னதா நீங்க எழுதிட்டா, எனக்குச் சொன்ன மாரியே ஆயிடும். இப்பவே, நீங்க படிக்கசொல்ல, நெஞ்சு லேசாச்சு. அது தப்பு இல்லியா?"

அடித்துவிட்டேன். அவள் எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த காகிதத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, மாடிப்படி கூட்டப் போனாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. நான் கால்களைத் தூக்குவேன். அவள் பெருக்குவாள்.

10

போன சனிக்கிழமை அவளே வந்தாள். அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது.

"இப்ப எழுதிக்கோங்க சார். சொல்லிட்டேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை. கார்குழலிக்கு ஊசி குத்தி மிஷினில் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சந்திரமோகன் வேலைக்குப் போய்விட்டான். கோவிந்தசாமி அடுத்த படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். தையல்நாயகி முக்காலியை இரண்டு படுக்கைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். இருவருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் அங்கே போட்டாளாம்.

"மாம்பழம் இல்ல கார்குழலி," என்று ஆரம்பித்திருக்கிறாள்.

பிறகு பாட்டில். மின்சாரம். மோந்து பார்த்தது. அதிகமாகப் போட்ட மிளகு. குழுவுக்குக் குறைந்த அறுபது ரூபாய். ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், இவருக்கு மட்டும் கடை முட்டை வாங்கி அவித்துக் கொடுத்ததையும் சொன்னாள். கோவிந்தசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"ராஜவேல் தம்பிகிட்டயும் போயி சொல்லிட்டேன்," என்றாள் என்னிடம். "வூட்டுக்காரருக்கு மட்டும்னா இனிமேயும் வாங்கிக்கன்னாரு. வாணாம்னுட்டேன். செல்வாம்பாகிட்ட பாதிப் பாதியா கட்டறேன்னு கேட்டிருக்கேன். அவ திட்டுனா. திட்டட்டும்."

"கார்குழலி என்ன சொன்னா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அது அவ சொன்னது சார். என்னுது எல்லாத்தையும் உங்களுக்குக் குடுத்துட்டேன். அவளுதை நான் எப்பிடிக் குடுக்க முடியும்?"

"ஏதாவது ஒரு வார்த்தை..."

"கேக்காதீங்க சார்."

கேட்கவில்லை. தப்பு, இன்னொரு முறையும் கேட்டேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே, வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்த சிலவற்றைத் தருகிறேன். மிஷினில் இருக்கிறவளால் எழுந்து போக முடியாது. அவளுடைய ரத்தம் குழாய்களில் வெளியே போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. அசையாமல் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பிப் படுக்கவும் முடியாது. இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தவளால் எழுந்து போயிருக்க முடியும். அவள் போகவில்லை. மூன்று மணி நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள்.

அந்த மூன்று மணி நேரத்தை நான் எழுதப் போவதில்லை. ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். படுக்கையில் இருப்பது நீங்கள் என்று வைத்துக்கொண்டு, சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

"..............................................................," என்றாள் கார்குழலி.